பழைய விசைப்பலகையின் கதை

ஒரு பொருளின் வரலாற்றை அறிய நூல்நிலையத்துக்குச் செல்லலாம். அல்லது, அப்பொருள் பழுதுற்ற நாளில் திருப்புளியும் கையுமாக அதன் எதிரே அமரலாம். கணிப்பொறியின் விசைப்பலகை பற்றி நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் வழியில் வந்ததே.

என்னிடம் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய பலகை ஒன்று உண்டு. அழுத்துந்தோறும் 'டக்' என்று விரலுக்கு விடை சொல்லும். ஒருநாள் அதில் நான்கு எழுத்துகள் விழவில்லை. புதியது வாங்குவதே அறிவுடைமை என்றனர் வீட்டார். அவர்கள் கணக்கு தவறன்று. ஆயினும், எழுதி எழுதிப் பழகிய கருவியைக் குப்பையில் இட எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. தட்டச்சுப் பொறியில் விரலின் விசையே எழுத்தைத் தாளில் பதித்தது. கணிப்பொறிக்கு அவ்வளவு விசை வேண்டா. ஒரு மின்தொடர்பே போதும். எனினும், பழகிய விரல்கள் எழுத்து விழுந்ததற்கு ஓர் அடையாளத்தை நாடின. ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் ரிச்சர்டு ஹாரிஸ் அதற்கு எளிய வழி கண்டார். விசையின் கீழ் மெல்லிய சுருள்வில் ஒன்று நிற்கும். அழுத்த அழுத்தச் சுருங்கி, ஒரு நிலையில் தாங்கமாட்டாமல் அது பக்கவாட்டில் மடங்கும். உடனே அடியிலுள்ள சிறு சுத்தி சாய்ந்து தொடர்பை உண்டாக்கும். ஓசையும் தொடர்பும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழும். இதற்குக் காப்புரிமை 1978-இல் கிடைத்தது.

1981-இல் அந்நிறுவனத்தின் தனிக் கணிப்பொறியுடன் வந்த மாடல் எஃப் பலகையில் 83 விசைகள் இருந்தன. அதன் இரு உலோகத் தகடுகளும் நாக்குகளால் கோக்கப்பட்டவை, நகர்த்தினால் பிரிந்துவிடும். 1985-இல் தோன்றிய மாடல் எம் வகையின் 101 விசை வரிசையே பிற்காலப் பலகைகளுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால், அதில் ஆக்கச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. மின்சுற்றுப் பலகைக்குப் பதிலாகக் கடத்தும் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. தாள்களைத் தகட்டோடு இறுக்க, உருக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் முளைகள் வந்தன. நான்கே ஆண்டுகளில், திறப்பதற்கு இடந்தந்த பொருள் திறக்கவொண்ணாததாயிற்று.

என் பலகையும் அம்மரபில் வந்ததே. நான் முதலில் வில்களை ஐயுற்று, விசைகளைக் கழற்றி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். பின்புதான் சிந்தித்தேன். எந்த எழுத்துமே விழாவிடில் வடத்தை ஐயுறலாம். ஒன்று மட்டும் விழாவிடில் வில் இடம் பெயர்ந்திருக்கும். குறுக்கும் நெடுக்குமான கோடுகளின் சந்திப்பாலேயே ஒவ்வோர் எழுத்தும் அறியப்படுவதால், சில எழுத்துகள் கூட்டாக விழாவிடில் அவற்றுக்குப் பொதுவான கோடு ஒன்று அறுந்திருக்கவேண்டும்.

உறையைத் திறந்தேன். முளைகள் பல முன்பே உடைந்து உதிர்ந்து கிடந்தன. எஞ்சியவற்றை உளியால் செதுக்கித் தகட்டைப் பிரித்தேன். தாளில் ஒரு பழுப்புக் கறை, அதன் நடுவே அரிக்கப்பட்ட கோடு. ஆண்டுகள் பலவற்றின் முன் நானே சிந்திய காப்பி! வெள்ளித்துகள் கலந்த கடத்தும் மையால் கோட்டை இணைத்தேன். முளைகள் இருந்த இடங்களில் துளையிட்டுச் சிறு திருகாணிகளை முடுக்கினேன். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, வில்களை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி விசைகளைப் பொருத்தினேன். இரண்டு நாட்கள் சென்றன. நான்கு எழுத்துகளும் விழுந்தன.

முளைகளை அமைத்தோரை நான் பழிக்கமாட்டேன். அச்சிக்கனத்தால்தான் நல்ல பலகை பலருடைய மேசைக்கும் வந்தது. ஆனால், ஆலை மிச்சப்படுத்திய உழைப்பு மறையவில்லை. காலம் கடந்து, உடையவன் கைக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் திருகாணிகளை இட்டேன். இனி இது பழுதுற்றால், திறப்பவருக்கு உளி வேண்டியதில்லை.