அதியாபொரா

'வேறுபட்டது' எனப் பொருள்படும் 'தியாபொரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் முன் எதிர்மறை அகரம் சேர்ந்து பிறந்த இச்சொல்லை, செல்வம், ஆரோக்கியம் முதலிய, தம்மளவில் நன்மையும் தீமையும் ஆகாதவற்றுக்கு ஸ்டாயிக் ஞானிகள் வழங்கினர். வேதம் விதிக்கவும் விலக்கவும் செய்யாத சடங்குகளைக் குறிக்க, லுத்தரன் சபையார் பின்னாளில் இதனை மேற்கொண்டனர். 1548-இல், கத்தோலிக்கச் சக்கரவர்த்தியின் நிர்ப்பந்தத்துக்கிடையே, குருமாரின் அங்கி போன்ற பழைய ஆசாரங்களை விசுவாசத்துக்குப் பங்கமின்றி ஏற்கலாம் என்று லுத்தரன் இறையியலாளர் மெலாங்க்தன் இணங்க, விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய வேளையில் எதுவுமே அற்பமாகாது என்று அச்சபையின் மற்றோர் இறையியலாளரான பிளாசியஸ் வெகுண்டெழுந்தார். லுத்தரன் சபையாரின் 1577-ஆம் ஆண்டு ஒருமைப்பாட்டு அறிக்கை இவர் பக்கமே சாய்ந்தது, நியாயமும் அதுவே என்பது என் துணிபு. பிலிப்பியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மேலானவற்றைப் பகுத்துணரும் அறிவுக்காகப் பிரார்த்திக்கும் பவுல் அப்போஸ்தலர், அம்மேலானவற்றுக்கு இடும் பெயரும் இதே வேரில் கிளைத்த 'தியாபெரோந்தா' என்பதே.