போட்டோவில் குவிந்து கிடக்கும் பீஸ்... பார்சலில் ஒண்ணே ஒண்ணு! டெலிவரி ஆப் உணவுப் படங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

ராத்திரி 10 மணி. பசி வயிற்றைக் கிள்ளுது. செல்போனில் டெலிவரி ஆப்பைத் திறந்தால் வரிசையாக பிரியாணிக் கடைகள். ஸ்க்ரோல் பண்ணும் விரல் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் படம் நல்லா இருக்கிற கடையில்தான்.

ரோட்டோரக் கடை என்றால் பரோட்டா கொத்துகிற சத்தமே ஆளைக் கூப்பிடும். தம் உடைக்கும்போது வரும் வாசனை இழுக்கும். ஆப்பில் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த வேலை மொத்தத்தையும் ஒரு சின்னப் படம் செய்தாக வேண்டும். அதனால்தான் ஹோட்டல்கள் காசு கொடுத்து போட்டோகிராபரை அழைக்கின்றன. ஆனால், படத்தை எந்த அளவுக்கு அழகாக்கலாம்? எங்கே அது ஏமாற்றாக மாறுகிறது? பார்க்கலாம்.

புரொஃபஷனல் படத்தில் என்ன ஸ்பெஷல்?

முதலில் வெளிச்சம். சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் நல்ல சாம்பார்கூட சோர்ந்துதான் தெரியும். போட்டோகிராபர்கள் விளக்கைத் தட்டுக்குப் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ வைப்பார்கள். கிரேவியின் பளபளப்பு, பரோட்டாவின் அடுக்கு, பறக்கும் ஆவி எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். நேராக அடிக்கும் ஃபிளாஷ், உணவைத் தட்டையாகக் காட்டிவிடும்.

அடுத்து கோணம். மீல்ஸ், தோசைக்கு நேர் மேலே இருந்து எடுப்பார்கள். பிரியாணி, குழம்புக்கு 45 டிகிரி. அதாவது, சாப்பிட உட்கார்ந்தால் தட்டு நம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. பர்கர், ஃபலூடாவுக்கு அடுக்குகள் தெரிய வேண்டும் என்பதால் நேர் எதிரே கேமராவை வைப்பார்கள்.

மூன்றாவது நேரம். ரோஸ்ட் ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். அதனால் காலித் தட்டை வைத்து வெளிச்சம், கோணம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் கல்லில் மாவு ஊற்றச் சொல்வார்கள்.

அழகு எங்கே முடிகிறது, ஏமாற்று எங்கே தொடங்குகிறது?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரம் பெரிய சர்ச்சையானது. காய்கறித் துண்டுகள் மூழ்காமல் மேலே தெரிவதற்காக, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். சூப் நிஜம், காய்கறியும் நிஜம். ஆனால் பார்ப்பவருக்குக் காய்கறி அதிகமாக இருப்பதாகத் தோன்றியது. விவகாரம் ஃபெடரல் டிரேட் கமிஷன் வரை போனது. இனி இப்படிச் செய்வதில்லை என நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நம்ம ஊருக்கும் இதே கணக்குதான். பரோட்டா மேல் லேசாக எண்ணெய் தடவிப் படம் எடுப்பது அலங்காரம். நாலு பீஸ் வைத்துப் படம் எடுத்துவிட்டு ரெண்டு பீஸ் அனுப்புவது ஏமாற்று.

ஏஐ படம் போடலாமா?

போட்டோகிராபர் செலவை மிச்சம் பிடிக்க, சில கடைகள் ஏஐ படங்களைப் போட ஆரம்பித்தன. 2024 ஆகஸ்டில் சொமேட்டோ இதற்குத் தடை போட்டது. இந்தப் படங்களால் நம்பிக்கை குறைகிறது, புகாரும் ரீஃபண்டும் கூடுகிறது என்று அப்போது காரணம் சொன்னார் அதன் தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல்.

சட்டம் என்ன சொல்கிறது?

* நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020: ஆப்பில் இருக்கும் விவரமும் படமும் உண்மையான பொருளோடு ஒத்துப்போக வேண்டும். இதற்கான உறுதிமொழியை விற்பனையாளரிடம் ஆப் நிறுவனம் வாங்க வேண்டும்.

* உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006, பிரிவு 53: உணவு பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

* பதிப்புரிமைச் சட்டம், 1957: கூகுளில் கிடைத்த அடுத்த கடையின் படத்தை அனுமதியில்லாமல் எடுத்துப் போடுவது விதிமீறல். நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை உங்களுக்கே.

சின்ன ஹோட்டல்காரர்கள் என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் இல்லையா? செல்போனே போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு, பகலில் ஜன்னல் ஓரத்தில் தட்டை வையுங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோலை நிறுத்துங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒரு படத்தில் ஒரு ஐட்டம் போதும். ஆப்பில் ஓரம் வெட்டுப்படலாம் என்பதால், தட்டைச் சுற்றி இடம் விடுங்கள்.

முக்கியமான விஷயம்: பார்சலில் எவ்வளவு போகுமோ, அதை அளந்து தட்டில் வைத்துப் படம் எடுங்கள். முதல் ஆர்டரைப் படம் வாங்கிக் கொடுக்கலாம். அடுத்த ஆர்டர் பார்சலைப் பார்த்துத்தான் வரும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

பசியில் உடனே சாப்பிட்டுவிடாதீங்க. முதலில் ஆப்பில் இருக்கும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பார்சலைத் திறந்தபடியே ஒரு போட்டோ. இரண்டையும் இணைத்து ஆப்பில் புகார் கொடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.