பழைய டிஸ்க், புது போர்டு

2006-ல் புனேயில் புது மதர்போர்டு வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்கை அப்படியே மாட்டினேன். நீலத்திரை! அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தேன். ஊரிலிருந்து பதிவு பண்ணி வந்த அப்பாவின் குரலும் போச்சு. தப்பு என்னுடையதுதான்.

விஷயம் இதுதான்: 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பழைய போர்டின் டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவரோடுதான் பூட் ஆகும். புது போர்டில் கன்ட்ரோலர் வேறு என்றால் டிஸ்கைப் படிக்க முடியாமல் 7பி என்ற பிழை எண் காட்டி நின்றுவிடும். ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். நண்பர் கம்ப்யூட்டரில் ஸ்லேவாக மாட்டியிருந்தாலே எடுத்திருக்கலாம். மாற்றுவதற்கு முன்பே பொதுவான ஐடிஇ டிரைவர் போட்டிருந்தால், பெரும்பாலும் பூட்டும் ஆகியிருக்கும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபின் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் மக்களே, போர்டு மாற்றுமுன் பேக்கப் எடுத்துடுங்க. அப்பா இப்போது இல்லை.