ஒரு வங்கிப் படிவமும் அயர்லாந்துக் கிராமமும்

வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு கே.ஒய்.சி. என்றாலே கொஞ்சம் அலர்ஜிதான். "இன்னும் எத்தனை தடவை ஆதார் ஜெராக்ஸ் தருவது?" என்று கவுண்டரில் வாங்கும் வசவு தனிக்கணக்கு. நாக்பூர் வந்த பிறகு அதையே மராட்டியிலும் இந்தியிலும் வாங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் :-) அப்படி ஒரு கே.ஒய்.சி. காகிதம், கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் கழித்துப் பல குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் கதை இது. பி.காம். படித்தவன் சரித்திரம் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. அடுத்த ஏழு வருடத்தில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சம். ஏறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. கனடாவில் க்ரோஸ் ஈல் என்று ஒரு தீவு. கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1847 என்ற ஒரே வருடத்தில் 5,000 பேருக்கு மேல் அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

பிழைத்தவர்களின் கொள்ளுப்பேரன் இன்று பாஸ்டனில் உட்கார்ந்து "நாம் எந்த ஊர்?" என்று தேடினால் என்ன கிடைக்கும்? பழைய அமெரிக்கக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தை: அயர்லாந்து. அங்கே டவுன்லேண்ட் என்று சொல்லும் சின்னச்சின்ன ஊர்ப்பிரிவுகள் மட்டும் 60,000 இருக்கின்றன. எந்தக் கவுன்டி, எந்தப் பங்கு, எந்த டவுன்லேண்ட் என்று தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

சரி, அயர்லாந்துப் பக்கமிருந்து தேடலாம் என்றால் அங்கே இன்னொரு இடி. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுச் சண்டையில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு கணக்கெடுப்புகளில் கொஞ்சம் துண்டுகள் தவிர எல்லாம் போயிற்று. எரிந்த காகிதங்கள் ஊர்முழுக்கப் பறந்து விழுந்தனவாம். சண்டையைத் திட்டலாம் என்று பார்த்தால், 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர் சமயத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். ஆக, முழுசாக மிஞ்சியவற்றில் மூத்தவை 1901-ம் 1911-ம்தான். இப்போது இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1911 படிவத்தில் கல்யாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு கேள்வி. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு எண். கூட்டல் கழித்தலே தொழிலாக இருப்பவனுக்கும் அந்தக் கழித்தலைப் போட மனசு வரவில்லை.

இப்போது வங்கிக்கு வருகிறேன்.

1850-ல் நியூயார்க்கில், ஐரிஷ் எமிக்ரன்ட் சொசைட்டிக்காரர்கள் சேர்ந்து எமிக்ரன்ட் இண்டஸ்ட்ரியல் சேவிங்ஸ் பேங்க் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர்கள் வீட்டுவேலை செய்யும் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள், தையல்காரர்கள். நிறையப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பேரும் பெரும்பாலும் ஒன்றேதான். மேரி மர்ஃபி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பாஸ்புக்கைத் திருடிக்கொண்டு வந்து எவனோ பணம் எடுத்தால் என்ன செய்வது? அதற்காக 'டெஸ்ட் புக்' என்று ஒரு பதிவேடு வைத்தார்கள். கணக்குத் தொடங்கும்போதே பிறந்த பங்கு, கவுன்டி, வந்த கப்பல், வந்த வருடம், அப்பா அம்மா பேர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பேர், அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பணம் எடுக்க வரும்போது அதில் ஏதாவது ஒன்றைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். இன்றைக்கு நம் செக்யூரிட்டி கொஸ்டின் மாதிரியே!

அரசாங்கம் 'அயர்லாந்து' என்று ஒற்றை வார்த்தையில் முடித்ததை, ஒரு கவுண்டர் கிளார்க் மோசடிக்குப் பயந்து முழுசாக எழுதி வைத்துவிட்டார். அந்தப் பதிவேடுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

டைலர் ஆன்பிண்டர் என்ற சரித்திர ஆசிரியர் இந்தக் கணக்குகளைக் குடைந்து பார்த்தார். கெர்ரி கவுன்டியில் லான்ஸ்டவுன் பிரபுவின் எஸ்டேட். அவருடைய ஏஜென்ட், குடியானவர்களை வொர்க்ஹவுஸ் என்ற கஞ்சித்தொட்டியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் டிக்கெட் மலிவு என்று கணக்குப் போட்டு 1851 வாக்கில் கூட்டம் கூட்டமாக ஏற்றி அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்தது நியூயார்க்கின் படுமோசமான சேரியான ஃபைவ் பாயின்ட்ஸ். கந்தலும் பசியுமாக இறங்கிய அந்த ஆட்கள் சில வருடத்தில் நூற்றுக்கணக்கான டாலர் சேர்த்திருப்பது லெட்ஜரில் தெரிகிறது. டெஸ்ட் புக்கில் பங்கின் பேர் இருந்ததால்தான் இவர்கள் அந்த எஸ்டேட் ஆட்கள் என்றே கண்டுபிடிக்க முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு கிளையில், காலக்கெடு முடிந்த பழைய கணக்குத் திறப்புப் படிவங்களை அழிக்கும் கமிட்டியில் நானும் ஒருவன். கைநாட்டு வைத்த படிவங்கள், சாட்சியாக ஊர்க்காரர் பேர், பூர்வீக முகவரி. விதிப்படிதான் செய்தோம். ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

தொலைந்தவர்களைத் தேடியவர்களும் தெரியாமலே ஆவணம் விட்டுப் போயிருக்கிறார்கள். பாஸ்டனில் வந்த 'பைலட்' என்ற பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை காணாமல் போனவர்களைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. இன்ன பங்கில் பிறந்த என் தம்பி, இன்ன கப்பலில் வந்தான், கடைசியாக இன்ன ரயில்பாதை வேலையில் இருந்தான் என்கிற மாதிரி. காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பதால் அடையாளத்தை நறுக்கென்று எழுதியிருப்பார்கள். பாஸ்டன் காலேஜ் அவற்றைத் தொகுத்திருக்கிறது. கெர்பி மில்லர் என்ற பேராசிரியர் பல வருடம் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த சுமார் 7,000 கடிதங்களும் கால்வே பல்கலைக்கழகம் மூலம் 2024-ல் இணையத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் குடும்பக் கதையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூர் ஒரு உதாரணம். எல்லிஸ் தீவு திறந்த 1892 ஜனவரி 1 அன்று முதல் ஆளாக இறங்கிய கார்க் கவுன்டிப் பெண். இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். 10 டாலர் தங்கக் காசு பரிசு கொடுத்தார்கள். பிறகு டெக்சாஸ் போனாள், அங்கே டிராம் மோதிச் செத்தாள் என்று ஒரு குடும்பம் சொல்லிவந்தது, ஊரும் நம்பியது. மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் காகிதங்களைப் பார்த்தால், டெக்சாஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவில்! 2006-ல் இணையத்தில் 1,000 டாலர் பரிசு அறிவித்தார். சில வாரத்திலேயே நிஜ ஆனி கிடைத்துவிட்டாள்.

அவள் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, லோயர் ஈஸ்ட் சைட் குடியிருப்புகளில் காலத்தை ஓட்டினாள். ஒரு ஜெர்மன் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். நிறையப் பிள்ளைகள், பாதிக்கு மேல் வளர்வதற்குள்ளேயே போய்விட்டன. 1924-ல் இறந்தவளைக் குயின்ஸில் கால்வரி கல்லறையில் பேர்கூட எழுதாமல் புதைத்திருந்தார்கள். 2008-ல்தான் அங்கே ஒரு கல் நட்டு, அவள் பேரைப் பொறித்தார்கள்.