வடகிழக்கு இலங்கையில் எடுத்துரைப்புச் சிகிச்சை

எடுத்துரைப்புச் சிகிச்சை என்பது போர், சித்திரவதை, பேரிடர் ஆகியவற்றால் மனவடு அடைந்தோர் தம் வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லி, அச்சம் தோய்ந்த நினைவுகளை மாற்றியமைத்துக்கொள்ளும் உளச்சிகிச்சை முறை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் சிறுவர்களுக்கு இது அளிக்கப்பட்டது.

பின்னணி

நினைவு என்பது சேமித்துவைத்த படம் அன்று, நினைக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுவது என்று ஆங்கிலேய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதினார். மீட்கப்பட்ட அச்ச நினைவு சிறிது நேரம் நெகிழ்ந்து, மீண்டும் பதிய வேண்டியுள்ளது என்பதை 2000இல் கரீம் நாதர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் காட்டினர்.

சிலியில் இராணுவ ஆட்சியின்போது சித்திரவதைக்கு உள்ளானோரின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்வதே சிகிச்சையாயிற்று. அந்த முறை 1983இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதைத் தழுவி மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் எடுத்துரைப்புச் சிகிச்சையை உருவாக்கினர்.

செயல்முறை

சிறுவர் ஒரு கயிற்றைத் தம் வாழ்க்கையாகத் தரையில் விரிப்பர். நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடிய நிகழ்வுகளுக்குக் கல்லும் அதன்மேல் வைப்பர். பின்னர் ஒவ்வொரு கல்லையும் அது நிகழ்ந்த இடம், காலம் ஆகியவற்றோடு சேர்த்து விரிவாகச் சொல்வர். ஆலோசகர் அதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். முழுமையான கதை இறுதியில் சொன்னவரிடமே ஒப்படைக்கப்படும்.

இலங்கையில்

போர் தமிழர்களின் மனதில் ஏற்படுத்திய பாதிப்புகளை யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாக வெளியிட்டிருந்தார். போரை அறிந்திருந்த சிறுவர்களையே ஆழிப்பேரலையும் தாக்கியது. அவர்களுள் 31 பேருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். ஒரு பிரிவினர் கதை சொன்னார்கள். மற்றப் பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கதன்று. 2009இல் வெளியான இவ்வாய்வில் சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. எனவே காலத்தால் ஆறியது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய முடியாது.

எல்லைகள்

நெகிழும் நினைவில் பொய்யும் புகலாம். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகச் சிலரை நம்பவைக்க முடியும் என்பதை எலிசபெத் லோஃப்டஸ் 1995இல் காட்டினார். போருக்குப் பிந்திய சமூகத்தில் நினைவு என்பது காயம் மட்டுமன்று, சாட்சியமும் ஆகும். ஆகவே இம்முறையில் ஆலோசகர் நிகழ்வைத் திருத்துவதில்லை. கல் கயிற்றின்மேலேயே இருக்கும். அது இன்று நிகழ்வதன்று, அன்று நிகழ்ந்தது என்பதை மனம் உணர்வதே இங்கு மாற்றம் எனப்படுகிறது.