பெயரின் முதலெழுத்து

1957-இல் ஐ.பி.எம். 704 கணிப்பொறிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் சிருஷ்டித்த ஃபோர்ட்ரான் மொழியில், அப்பொறியின் 36 பிட் கொண்ட ஒரு சொல்லில் ஆறு எழுத்துகளே அடங்கும் என்ற காரணத்தால், மாறிக்கு அதற்கு மேற்பட்ட நீளத்தில் பெயர் சூட்ட இயலவில்லை. ஐ (I) முதல் என் (N) வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும் என்ற நியமமும் உண்டு. பெயரை வைத்தவன் மனிதனாயினும் ஆணையிட்டது என்னவோ இயந்திரம்தான்.

ஜப்பானியரான யூகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-இல் உலகுக்கு அளித்த ரூபி மொழியில் நீளத்துக்கு அத்தகைய நிர்ப்பந்தம் இல்லை; எனினும் முதலெழுத்தின் அதிகாரம் வேறு ரூபத்தில் நிலைத்தது. சிற்றெழுத்தில் தொடங்கினால் அவ்விடத்துக்கு மட்டும் உரிய மாறி, பேரெழுத்தெனில் மாறிலி, டாலர் குறியெனில் நிரல் முழுவதும் செல்லுபடியாவது எனப் பெயரே தன் ஸ்தானத்தைப் பறைசாற்றும்.

செயற்கூறுக்கு அனுப்பும் உள்ளீடுகளுக்கோ பெயரால் தம்மை அறிவிக்கும் இந்தப் பாக்கியம் தாமதமாகவே வாய்த்தது. 'கடன்(50000, 12, 9)' என்ற அழைப்பில் 12 என்பது மாதமா, வட்டியா என்று எழுதியவரே பின்னாளில் திகைப்பார். எல்லாவற்றையும் ஹாஷ் எனும் பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பில் கட்டி அனுப்பும் உபாயம் இருந்தது. ஆனால் பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழையை அது சத்தமின்றி விழுங்கிவிடும். 2013-இல் வந்த ரூபி 2.0-தான் 'தொகை: 50000, மாதம்: 12, வட்டி: 9' என உள்ளீட்டைப் பெயர் சொல்லி அழைப்பதை மொழியின் இலக்கணமாகவே ஆக்கி, அறியாத பெயர் வந்தால் பிழையென்று ஆட்சேபிக்கவும் செய்தது.