திறந்த நடைவழிகளும் நீர்த்தெளிப்பான்களும்: அமெரிக்கக் கட்டட விதி ஒன்றின் மறுவாசிப்பு

அமெரிக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வாசலையும் படிக்கட்டையும் இணைக்கும் திறந்த நடைவழிகளுக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பான் தேவையா என்பதில் இரண்டு விதிநூல்கள் எதிரெதிர் விடை தருவதாகத் தோன்றுகிறது. நான்கு தளம் வரையிலான குடியிருப்புகளுக்கென, தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் 13ஆர் தெளிப்பான் தரநூல், கட்டடத்தோடு ஒட்டிய திறந்த பால்கனி, நடைக்கூடம், படிக்கட்டு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஐபிசி எனப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின் 2015ஆம் ஆண்டுப் பதிப்போ, 903.3.1.2.2ஆம் பிரிவில், இருமுனையும் திறந்த நடைக்கூடங்களுக்கும் அவற்றைச் சேர்ந்த வெளிப்புறப் படிக்கட்டுகளுக்கும் தெளிப்பான் வேண்டும் என்கிறது. முந்தைய ஆய்வுப் போக்கு ஒன்று இந்த முரணைத் திறப்பின் அளவைக் கொண்டு தீர்க்க முயன்றது. அதன்படி, போதிய அளவு திறந்த நடைவழிக்கு விலக்கு உண்டு, குறைவாகத் திறந்ததற்கு இல்லை. 2015இன் பிரிவு, 13ஆர் தந்த சலுகையைச் சுருக்கிய புதிய கட்டுப்பாடு என்றும் அது கருதியது. விதியின் வாசகம் இந்த விளக்கத்துக்கு இடம் தருவதாகத் தெரியவில்லை.

அப்பிரிவு தனித்து நிற்பதன்று. தெளிப்பான் எந்த அளவில், எந்த நிபந்தனையில் தேவை என்பதை அது தானே சொல்லாமல், 1027.6ஆம் பிரிவின் மூன்றாம் விதிவிலக்கைக் கைகாட்டுகிறது. ஆகவே பொருளை அங்கேதான் தேட வேண்டும். 1027.6இன் பொதுவிதி, வெளிப்புற வெளியேற்றப் படிக்கட்டைக் கட்டடத்தின் உட்பகுதியிலிருந்து தீத்தடுப்புச் சுவரால் பிரிக்கக் கோருகிறது. உள்ளே எரியும் தீ, தப்பிச் செல்வோரின் வழியை மறித்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இந்தச் சுவரை எப்போது கைவிடலாம் என்பதை விதிவிலக்குகள் வரையறுக்கின்றன.

இரண்டாம் விதிவிலக்கு வெளிப்புற நடைமாடத்தைப் பற்றியது. ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு வெளியேற்றப் படிக்கட்டுகளை நடைமாடம் இணைக்க வேண்டும். அதன் சுற்றளவில் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். திறப்பின் உயரம் சுவர் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. திறப்பின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது. இவை நிறைவேறினால் பிரிப்புச் சுவர் வேண்டியதில்லை. இந்த விதிவிலக்கில் தெளிப்பான் பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

மூன்றாம் விதிவிலக்கு இருமுனை திறந்த நடைக்கூடத்தைப் பற்றியது. நடைக்கூடமும் படிக்கட்டும் உட்பட முழுக் கட்டடத்துக்கும் தெளிப்பான் இருக்க வேண்டும். நடைக்கூடத்தின் இரு முனைகளிலும் வெளிப்புறப் படிக்கட்டோ சாய்தளமோ இருக்க வேண்டும். 45 பாகைக்கு மேல் வழி திரும்பும் இடத்தில் 35 சதுர அடிக்குக் குறையாத திறப்போ, வெளிப்புறப் படிக்கட்டோ சாய்தளமோ அமைய வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் விதியின் கட்டமைப்பு தெளிவாகிறது. இரண்டு இடத்திலும் விட்டுக்கொடுக்கப்படுவது ஒன்றே: படிக்கட்டைக் காக்கும் சுவர். அதற்கு ஈடாக நடைமாடத்திடம் நீண்ட திறப்பு கேட்கப்படுகிறது. நடைக்கூடத்திடம் தெளிப்பான் கேட்கப்படுகிறது. நடைக்கூடம் கூடுதலாகத் திறந்திருந்தால் தெளிப்பானை விட்டுவிடலாம் என்று மூன்றாம் விதிவிலக்கு எங்கும் சொல்லவில்லை. திறப்பின் விழுக்காட்டை 903.3.1.2.2க்குள் கொண்டுவருவது, ஒரு விதிவிலக்கின் அளவுகோலை இன்னொன்றுக்கு மாற்றிப் பொருத்துவதாகும்.

வரையறையும் இதையே உறுதிசெய்கிறது. இருமுனை திறந்த நடைக்கூடம் என்பதை ஐபிசி 'உட்புற' நடைக்கூடமாகவே வரையறுக்கிறது. இருபுறமும் வீடுகளின் சுவர், மேலே கூரை, இரு முனையிலும் கதவோ தடுப்போ இல்லாத படிக்கட்டு என்பதே அதன் வடிவம். ஒரு வீட்டின் கதவு திறந்த நிலையில் தீப்பிடித்தால், வெப்பப்புகை கூரையை ஒட்டிப் படர்ந்து நேரே படிக்கட்டை நோக்கிச் செல்லும். கூரையடியில் வெப்பம் தேங்குவதால் தெளிப்பான் விரைந்து இயங்கவும் அங்கே வாய்ப்புண்டு. நீளவாக்கில் ஒரு பக்கம் முழுதும் திறந்த நடைமாடத்தில் வெப்பம் விளிம்பைக் கடந்து வெளியேறிவிடும். வெளிக்காற்று படுகிறது என்பதற்காக இவ்விரண்டையும் 'வெளிப்புற நடைவழி' என ஒரே பெயரில் அடக்கியதே பழைய விளக்கத்தின் அடிப்படைக் குறை.

2015இன் பிரிவு புதிய கட்டுப்பாடு என்ற கருத்தும் நிலைக்காது. நடைக்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் தெளிப்பான் என்ற நிபந்தனை 2012ஆம் ஆண்டுப் பதிப்பின் வெளியேற்ற அதிகாரத்திலேயே இருந்தது. தெளிப்பான் வடிவமைப்பாளர் பெரும்பாலும் திறந்து பார்ப்பது தீப்பாதுகாப்பு பற்றிய ஒன்பதாம் அதிகாரத்தையும் 13ஆர் நூலையும். அவ்விரண்டிலும் இந்த நிபந்தனை கண்ணில் படாமல் போக இடமிருந்தது. 903.3.1.2.2 அந்த இடைவெளியை அடைத்தது என்று கொள்வதே பொருத்தம். 13ஆர் நூலோடு மோதல் வந்தாலும் குழப்பமில்லை. மேற்கோள் தரநூலோடு முரண்படும் இடத்தில் ஐபிசியின் விதியே செல்லும் என 102.4.1 கூறுகிறது.

இந்த வாசிப்புக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு என்எஃப்பிஏ 13 தரநூலிலிருந்து வருவது. வெளிப்புற வெளியேற்ற நடைக்கூடத்தின் வெளிச்சுவர் 50 விழுக்காடாவது திறந்திருந்தால் தெளிப்பானைத் தவிர்க்க அந்நூல் இடம் தருகிறது. ஆனால் நடைக்கூடம் முழுவதும் எரியாப் பொருளால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு இணைந்தே வருகிறது. திறப்பு மட்டும் போதும் என்று அந்நூலும் கருதவில்லை. மரச்சட்டகக் கட்டடத்துக்கு அந்தச் சலுகை எட்டாது.

மரச்சட்டகக் கட்டடங்களில் மேலே கூரையோ தளமோ உள்ள திறந்த பால்கனிக்கும் தெளிப்பான் கேட்கும் 903.3.1.2.1ஐக் காட்டி, நடைமாடத்துக்கும் அது வேண்டும் என இன்னொரு மறுப்பு முன்வைக்கப்படலாம். அப்பிரிவு வீட்டுக்குரிய பால்கனியைப் பற்றியது. அங்கே அடுப்பும் அறைக்கலனும் வைக்கப்படும். பொது நடைவழி வெளியேற்றப் பாதை; அதில் பொருள் சேர்ப்பது பராமரிப்புக் குற்றம், வடிவமைப்பின் அளவுகோல் அன்று. திறந்த நடைக்கூடத்தில் தெளிப்பான் வைத்தால் குளிர்பிரதேசங்களில் குழாய்நீர் உறையும் என்ற வாதத்துக்கு உலர்வகைத் தெளிப்பான்கள் எப்போதோ விடை தந்துவிட்டன.

இங்கே எட்டிய முடிவு விதியின் வாசகத்திலிருந்து பெறப்பட்டது. தீச்சோதனையின் முடிவாக அதைக் கொள்ளலாகாது. உள்ளூர் அரசுகள் ஐபிசியைத் திருத்தி ஏற்கும் இடங்களில் விடை மாறவும் கூடும். திருத்தப்படாத வாசகத்தைப் பொறுத்தவரை கேள்விகளின் வரிசை ஐயத்துக்கு இடமின்றி அமைந்திருக்கிறது. படிக்கட்டைக் காக்கும் சுவர் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. இல்லையென்றால் எந்த விதிவிலக்கின் பேரில் நீக்கப்பட்டது என்பது அடுத்தது. மூன்றாம் விதிவிலக்கின் பேரில் என்றால், நடைக்கூடம் எவ்வளவு திறந்திருந்தாலும் தெளிப்பான் கட்டாயம்.